பொய்ப் பெயரில் போட்ட கருத்து

பாசிக்குடா ஹோட்டல் வேலைக்காக நான் விட்டுவந்த ரொக் இசைக்குழுவைக் கொழும்பில் ஒரு பெரிய இசைக் கம்பனி எடுத்துக்கொண்டது. அவர்களுடைய புது ஆல்பம் ஹோட்டல் விருந்தினர்களின் ஃபோன்களில்கூட ஒலித்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்காமல், பொய்ப் பெயரில் யூடியூபில் எழுதினேன்: “பழைய டிரம்மர் இருந்திருந்தா நல்லா வந்திருக்கும்.”

அந்தப் பழைய டிரம்மர் நான்தான்.

குழுவின் பாடகன் குமார் பதில் போட்டான்: “ஓம், உண்மைதான். முதல் பாட்டு தொடங்கக்குள்ள எண்ணுறது, ஏறாவூர்ல பழகக்குள்ள பதிஞ்ச அவன்ட குரல்தான். கம்பனி வெட்டச் சொல்லியும் நாங்க விடல்ல. ஒருக்காக் கேளு மச்சான்.”

தெரியாதவர்களிடம் குமார் ‘நீங்க’ என்றுதான் பேசுவான்.

கூசிப்போய்க் கேட்டேன். “ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு” என்று என் குரல் எண்ணியது. பிறகு வேறொருவன் டிரம் வாசித்தான். என்னைவிட நன்றாகவே வாசித்தான்.

அதை மட்டும் குமாருக்கு நான் இன்னும் எழுதவில்லை.