திரும்பிய நேரம் கட்டாயம்

டேட்டாபேஸ் வரைபடம் வரைகிறேன் என்று சொன்னால், லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் வீட்டுக்குப் பிளான் போடுகிறவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தப்பில்லை, நானும் கட்டம்தான் போடுகிறேன். படகு ஒரு கட்டம், ஆள் ஒரு கட்டம், பயணம் ஒரு கட்டம். எதற்கும் எதற்கும் என்ன சம்பந்தம் என்று நடுவில் கோடு. கோட்டின் முனையில் சின்னதாகக் குத்துக்கோடு போட்டால் ‘இருந்தே ஆக வேண்டும்’ என்று அர்த்தம். சின்ன வட்டம் போட்டால் ‘இல்லாமலும் போகலாம்’. பதினாறு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

இதே தொழிலில் மாரடிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண மண்டபக்காரர் ‘ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம்தான்’ என்று சத்தியம் செய்வார்; சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்த வாரமே இரண்டு மாப்பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. வீராம்பட்டினத்து வேலை அப்படியில்லை.

ஐந்தாவது பெயர்

அங்கே ஒரு படகுக்காரர்கள் சங்கம். கடலுக்குப் போகிறவர்களின் பெயரைப் பதிந்து, திரும்பியதும் டிக் போட்டு, வீட்டுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். யாராவது வரவில்லை என்றால் உடனே தெரிய வேண்டும். இதுதான் அவர்கள் கேட்டது. சங்கத்துக் கிளார்க் தண்டபாணி பழைய நோட்டுகளை அடுக்கி வைத்தார். அதில் ஏழுமலை என்பவரின் ஃபைபர் படகுக்கு, கரையில் சொல்வதுபோல ‘போட்டு’க்கு, தினமும் ஐந்து பெயர் இருந்தது. கரையில் போய் எண்ணினால் நான்கு பேர்தான். ஐந்தாவது பெயர் முத்து. மூன்று வருடத்து நோட்டைப் புரட்டினேன். போட்டு போன நாளெல்லாம் முத்துவும் போயிருக்கிறார். ‘திரும்பிய நேரம்’ என்ற இடம் மட்டும் அவருக்கு ஒரு நாள்கூட நிரம்பவில்லை.

போட்டைத் தள்ளும்போது பார்த்தேன். வலப்பக்கம் இரண்டு பேர், பின்னால் ஒருவர், இடப்பக்கம் முன்னால் ஒருவர். இடப்பக்கம் பின்னால் ஓர் ஆள் நிற்கிற இடத்தை விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கை குறைந்தால் போட்டு கோணிக்கொண்டு போக வேண்டும். போகவில்லை. நேராகத் தண்ணீரில் இறங்கியது. தண்டபாணி சாதாரணமாகச் சொன்னார்: மூன்று வருடத்துக்கு முன் நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது முத்து இல்லை, உடம்பும் எங்கேயும் ஒதுங்கவில்லை.

“கரைக்கு வராதவன் பேர எப்படி மேடம் எடுக்கறது? நடுக்கடல்ல நாமளே எறக்கிவிட்டுட்டு வந்த மாதிரி ஆயிடும்ல.”

குத்துக்கோடு

தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்கு மேலே எங்கள் ஆபீஸ். நானும், புரோகிராம் எழுதும் பெர்னார் என்ற பையனும்தான். நான் வரைந்த படத்தில் எனக்கே ஒரு கர்வம். ‘திரும்பிய நேரம்’ என்பதைக் கட்டாயம் ஆக்கினேன். ஒரு பயணத்தில் போன அத்தனை பேருக்கும் டிக் விழாமல் அந்தப் போட்டுக்கு அடுத்த பயணம் பதிய முடியாது. டிக் போட்டால் வீட்டு நம்பருக்கு ஒரு மெசேஜ், ஆளின் சொந்த நம்பருக்கு ஒரு மெசேஜ். ஆளுக்கே எதற்கு என்று பெர்னார் கேட்டான். கிளார்க் தப்பாக டிக் போட்டுவிட்டால், நான் இன்னும் கடலில்தான் இருக்கிறேன் என்று ஆளே சொல்லிவிடுவாரே என்றேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்.

தண்டபாணியிடம் படத்தை விரித்து, இல்லாத ஆளைக் கட்டத்தில் வைக்க முடியாது, முத்து பெயரைப் பதிய வேண்டாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நம் வாடிக்கையாளர்கள் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு அந்தக் குத்துக்கோட்டின் மேல் விரலை வைத்து, எல்லாரும் திரும்பியே ஆக வேண்டுமா என்று கேட்டார். அதற்குத்தானே இந்த சிஸ்டம் என்றேன்.

“எழுதி வெச்சிட்டா வந்துடுவாங்களா மேடம்?”

ஒரே ஒரு டிக்

முதல் நாள். விடியலில் போன ஏழுமலையின் போட்டு ஒன்பது மணிக்குத் திரும்பியது. பத்தரைக்கு மறுபடி வலை போட இறங்க வேண்டும். சிஸ்டம் விடவில்லை: ‘முந்தைய பயணத்தில் ஒருவர் இன்னும் திரும்பவில்லை.’ தண்டபாணி வழக்கம்போல ஐந்து பெயரையும் பதிந்திருந்தார். வெளியே ஏழுமலை கத்துகிறார், பின்னால் நான்கு போட்டு காத்திருக்கிறது. தண்டபாணி பயந்துபோய் முத்துவுக்கும் டிக் போட்டுவிட்டார். மணி பத்து இருபத்தெட்டு.

முத்துவின் மனைவி கோமதி அப்போது பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். போனில் மெசேஜ் வந்தது: ‘முத்து பத்திரமாகக் கரை திரும்பினார்.’ கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். தண்டபாணி எனக்குப் போன் செய்ததும் நான் ஸ்கூட்டரில் பறந்தேன். போனபோது கோமதி தண்ணீர் ஓரத்தில் நின்று, கரையில் கிடந்த ஒவ்வொரு போட்டாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் செதில் ஒட்டிய கையில் போன். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இது என் கோடு செய்த வேலை. நான்தான் மெசேஜ் அனுப்புகிற ஆள் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“எந்தப் போட்டுல யக்கா வந்தாரு?”

பதினேழு நிமிடம்

தண்டபாணியை இப்போதைக்கு நோட்டிலேயே எழுதச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குத் திரும்பி, எங்கெங்கே மெசேஜ் போனது என்று பெர்னாரைப் பார்க்கச் சொன்னேன். கோமதியின் நம்பருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முத்துவின் சொந்த நம்பருக்கும் ஒன்று போயிருந்தது; பழைய நோட்டிலிருந்து தண்டபாணி அந்த நம்பரையும் அப்படியே ஏற்றியிருந்தார். அதன் எதிரேயும் ‘சேர்ந்தது’ என்றே இருந்தது. நான் சமாளித்துக்கொண்டேன். ஆள் போய் மூன்று வருடம் ஆகிறது, ரீசார்ஜ் இல்லாத நம்பரைக் கம்பெனி வேறு யாருக்காவது கொடுத்திருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் இதைப் படித்துவிட்டு விழித்திருப்பான்.

பெர்னார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். திரையில் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பிளாஸ்டிக் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் தரையில் அதிர்ந்தது.

“மத்த எல்லாருக்கும் ரெண்டு செகண்ட்ல போயிருக்குக்கா. இவருக்கு மட்டும் பதினேழு நிமிஷம் ஆயிருக்கு.”

செத்துவிடக் கூடாத சிம்

மறுநாள் மதியம் மன்னிப்புக் கேட்கக் கோமதி வீட்டுக்குப் போனேன். அந்த நம்பரை எடுத்துவிடுகிறோம், இப்போது வேறு யாரிடமோ இருக்கும் என்றேன். இல்லை என்றார். மாதாமாதம் அவரே ரீசார்ஜ் செய்கிறாராம், ஒரு மாதம்கூட விட்டதில்லையாம். முத்து காணாமல் போன அன்றைக்குப் போன் அவர் சட்டைப் பையில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி இருந்திருக்கிறது. கூப்பிட்டால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வருமாம். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு நாளும் வந்ததில்லையாம். அப்படியானால் அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். தொழில் புத்தி, எங்கே போகும்.

“கேட்டேன்க்கா. புதுசு எடுத்தா அவர் கையில இருக்கறது செத்துடும்னு கடையில சொன்னாங்க. அதான் வேணாம்னு வந்துட்டேன்.”

வட்டம்

புறப்படும்போது, முத்துவின் நம்பருக்கும் மெசேஜ் போனதா என்று கோமதி கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. போனது, சேர்ந்துவிட்டது என்றேன். அவர் சந்தோஷப்படுவார், இல்லாவிட்டால் அழுவார் என்று நினைத்தேன். முகம்தான் வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்னாக்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க? வந்துட்டோம்னு நெனச்சிட்டு அவரு அங்கியே நின்னுடப் போறாரு. இன்னும் வரலன்னு ஒரு மெசேஜ் அனுப்புங்க.”

அதில் ஒரு நியாயம் இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. நேராக ஆபீஸுக்கு வந்து படத்தை எடுத்தேன். குத்துக்கோட்டை அழித்துவிட்டு, அந்த முனையில் வட்டம் போட்டேன். திரும்பிய நேரம் இல்லாமலும் போகலாம். அதற்காகப் போட்டு நிற்கக் கூடாது. பெர்னார் மாற்றி எழுதினான். தண்டபாணி ஐந்து பெயரைப் பதிந்தார், நான்கு டிக் போட்டார், போட்டு இறங்கியது. முத்துவின் பழைய டிக்கை நானே அழித்தேன். பிறகு அவர் நம்பருக்கு மட்டும் ஒரு வரி தட்டினேன்: ‘முத்து, நீங்கள் இன்னும் கரை திரும்பவில்லை. வீட்டில் தேடுகிறார்கள்.’

அந்த மெசேஜ் எங்கேயும் போகாது, அப்படியே தொங்கிக்கொண்டு கிடக்கும் என்றுதான் மனதார நம்பினேன். கிடக்கட்டும் என்று டீ குடிக்கக் கீழே போய்விட்டேன். பாதி கிளாஸ்கூடக் குடிக்கவில்லை, பெர்னார் மாடிப்படியில் நின்று கூப்பிட்டான். கிட்டே போனபோது அவன் குரல் அடங்கியிருந்தது.

“சேந்துடுச்சுக்கா. இந்தத் தடவ ஒம்பது நிமிஷம்தான்.”

அதிலிருந்து யாருக்கு என்ன வரைந்தாலும், ‘இருந்தே ஆக வேண்டும்’ என்று வாடிக்கையாளர் மேஜையைத் தட்டிச் சொன்னாலும், கோட்டின் முனையில் சத்தமில்லாமல் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். யார் எங்கே, எத்தனை நிமிஷ தூரத்தில் வந்துகொண்டிருக்கிறார்களோ, நமக்கென்ன தெரியும்.