மேல் பலகையில் அர்னி

செய்தி வந்தபோது காலை ஏழு மணி. ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் சிலிண்டரை மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் அர்னியின் அக்கா ஹெல்மி கூப்பிட்டாள்.

"அர்னி இன்னைக்கு வேலைக்கு வரமாட்டான்."

"சரி. உடம்பு சரியில்லையா?"

"நேத்து இங்க எனக்கு விறகு அடுக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தான். மாரடைப்பு. போயிட்டான். வேற ஆளுக்குச் சொல்லிடு லோர்னா. வண்டி ஆளில்லாம நிக்கக் கூடாது."

எங்கள் ஆட்கள் இப்படித்தான். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் இருக்கும் பின்லாந்து வம்சத்தவர் நாங்கள். அடுத்தவரிடம் கேள்வி கேட்பது எங்களிடம் அநாகரிகம். தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வது அதைவிடப் பெரிய அநாகரிகம். அர்னி ஹெய்க்கினன் பட்ட பாடெல்லாம் இந்த இரண்டால்தான்.

அவனும் நானும் பல வருடங்கள் ஒரே ஆம்புலன்ஸில் போனவர்கள். அவனுக்கு பிஸிஷியன் அசிஸ்டென்ட் ஆக வேண்டும். டாக்டரோடு சேர்ந்து நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதிக் கொடுக்கும் வேலை. அதைச் சொல்லித்தரும் மருத்துவப் பள்ளிக்கு ஏற்கெனவே விண்ணப்பித்து, இடம் இல்லை என்று பதில் வந்திருந்தது. இந்த முறை கடைசி. பத்து வருடத்துக்கு முன் படித்த பாடங்களைப் பள்ளி ஏற்காது, அவன் உடற்கூறியல் படித்ததற்கு வருகிற வசந்தத்தோடு பத்து வருடம் முடிகிறது. அதற்குள் மனிதனுக்கு எலும்புகள் இடம் மாறியிருக்கும் என்று பள்ளிக்குச் சந்தேகம் போலிருக்கிறது. இப்போது கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்கு அவனிடம் காசும் இல்லை, தெம்பும் இல்லை.

மதிப்பெண் இருந்தது. நோயாளிகளோடு வேலை செய்த அனுபவம் மலைபோல் இருந்தது. ஒரு பிஸிஷியன் அசிஸ்டென்டின் கூடவே சுற்றி அவர் வேலையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் பாக்கி. பக்கத்து ஊர் மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டோடு ராய் லாத்தி என்றொருவர் நடமாடினார். "கூட இருந்து பார்க்கலாமா?" என்று அர்னி கேட்டிருக்கிறான். "பாரு," என்று அவர் சொல்லியிருக்கிறார். பேச்சு அவ்வளவுதான். குளிர்காலம் முழுவதும் அர்னி இஸ்திரி போட்ட சட்டையில், கையில் குறிப்பேட்டோடு அவர் பின்னாலேயே நடந்தான்.

பனி உருகும் சமயத்தில், பள்ளிக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தர முடியுமா என்று கேட்டான். லாத்தி தலையைச் சொறிந்தார்.

"நர்ஸ் எழுதிக் குடுத்தா அவங்க ஒத்துக்குவாங்களா?"

அர்னி குறிப்பேட்டை மூடினானாம். "நீங்க நர்ஸா?"

"ஆமா, மருந்து எழுதுற நர்ஸ். நீ இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் இல்லையா? உனக்குப் பயந்துதானய்யா ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ரெண்டு தடவை ரத்த அழுத்தம் பார்த்தேன்."

அந்தக் குளிர்காலத்தில் அங்கே வைத்தியம் மிகவும் கவனமாக நடந்ததாக இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்து ரெய்னோ காங்கஸிடம் போனான். எலும்பு முறிவுப் பிரிவில் இருப்பவர், அசல் பிஸிஷியன் அசிஸ்டென்ட். முதல் நாளே சான்றிதழைப் பார்க்க வேண்டும் என்று அர்னி சொல்ல, அவர் சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினார். அர்னி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்து வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

மிச்சம் இருந்தது கட்டுரை. ஏன் இந்தப் படிப்பு, ஏன் நீ என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அர்னி மூன்று வரி எழுதினான்: 'ஆம்புலன்ஸில் வேலை செய்கிறேன். பரவாயில்லாமல் செய்வதாகச் சொல்கிறார்கள். இடம் இருந்தால் தரவும்.'

பனிப்புயலில் வண்டிக்குள்ளேயே ஒரு பிரசவம் பார்த்தானே, அதை நான் சேர்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டான்.

"பெத்தது அந்தப் பொண்ணு. நான் கதவைச் சாத்துனேன்."

ரெய்னோ அந்த மூன்று வரியைப் படித்து, மடித்து, சனிக்கிழமை சானாவுக்கு வரச் சொன்னார். எங்கள் ஊரில் முக்கியமான காரியம் எதுவும் அந்த நீராவிக் குளியலறையில்தான் முடிவாகும். அர்னியைச் சூடு அதிகமான மேல் பலகையில் உட்கார வைத்துவிட்டு, அவர் கீழ்ப் பலகையில் அமர்ந்தார். நான் வெளி அறையில், அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டு, பேனாவும் காகிதமுமாக.

"உன்னைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லு. சொன்னா இறங்கலாம்," என்றார்.

"வண்டியைச் சுத்தமா வச்சுக்குவேன்."

"அது வண்டியைப் பத்தி." அடுப்பின் மேல் சுட்டுக்கிடந்த கல்லில், ஆவி இன்னும் ஏற, ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார். சுர்ரென்றது.

"நேரத்துக்கு வருவேன்."

"அது கடிகாரத்தைப் பத்தி." இன்னொரு கரண்டி.

அதன்பிறகு சத்தமே இல்லை. ஆள் இருக்கிறானா என்று கதவைத் தட்டிக் கேட்டேன். நாடி பார்த்தாகிவிட்டது, விறகு போடு என்று ரெய்னோ சொன்னார். போட்டேன். கதவே சூடேறியிருந்தது. சாயங்காலம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து வெந்து தொலைப்பானே தவிர வாயைத் திறக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டா ஜனங்களுக்குப் பயம் கொறையுது," என்றது மேலிருந்து ஒரு சின்னக் குரல்.

ரெய்னோ கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு, வெந்த நண்டு நிறத்தில், துண்டோடு என்னைக் கடந்து ஓடி அர்னி ஏரியில் குதித்தான். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, அதை எழுதித்தான் ஆக வேண்டுமா என்று கத்தினான். எழுதியாகிவிட்டது என்று நானும் கத்தினேன்.

விண்ணப்பம் அந்த வாக்கியத்தோடுதான் போனது. அக்டோபரில், வண்டியில் உட்கார்ந்து இறைச்சி பொதிந்த பேஸ்டி ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லீவு வேண்டும் என்றான். ஊர் வழக்கத்தை மீறி ஏன் என்று கேட்டேன்.

"பள்ளியில நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க," என்று மடியிலிருந்த துணுக்குகளைத் தட்டினான். "விண்ணப்பம் போட்ட ஆளு கொறைவா இருக்கும்."

சர்ச்சின் பழந்துணிக் கடையில் ஒரு கோட்டு சூட்டு வாங்கினான். கோட்டு கச்சிதம். காற்சட்டை மட்டும் யாரோ ஒட்டகச்சிவிங்கிக்குத் தைத்தது. சனிக்கிழமை என் சமையலறை நாற்காலியில் அவனை ஏற்றி நிறுத்தி, நீளத்தை மடித்துக் குண்டூசி குத்தினேன். ஊசிகளை வாயில் கவ்வியபடியே, பள்ளிக்காரர்கள் கேட்கப்போவதை ஒத்திகை பார்க்க, ஏன் டாக்டருக்குப் படிக்கவில்லை என்று கேட்டேன்.

"டாக்டரானா எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாங்க. யாரால தாங்க முடியும்?"

அங்கே போய் அதைச் சொல்லாதே என்றேன். சரி என்றான். மறுநாள் ஹெல்மி வீட்டுக்கு விறகு அடுக்கப் போனான்.

பள்ளிக்கு நான்தான் போன் செய்தேன். ஹெய்க்கினன் வெள்ளிக்கிழமை வரமாட்டார் என்றேன். வேறு தேதி வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளும் மேலே எதுவும் கேட்கவில்லை.

காற்சட்டை என் தையல் மெஷின் மேல் இருக்கிறது. இடது கால் தைத்தாகிவிட்டது. வலது காலில் இன்னும் குண்டூசிகள்.