நாலு மணிப் பால்

மலேசியாவின் ஈப்போ நகரில் என் மேசைமேல் பேனாக்கள் நிற்பது ஒரு பீங்கான் மங்கில். ரப்பர் மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற மங்கு. தோட்டத்து ஞாபகத்துக்கு வைத்திருக்கிறேன் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது என் அத்தை போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்த சாட்சி.

அத்தை அப்பாவின் அக்கா; தாயில்லாத என்னை வளர்த்தவள். பால் மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்குகிறவள். வாய் கொஞ்சம் நீளம். அவள் சிரித்தால் அடுத்த லயத்து வீட்டு வரிசையில் நாய் குரைக்கும். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பதினொரு வயது. தோட்டத்தில் பால் திருட்டுப் போய்க்கொண்டிருந்தது. பள்ளி விட்டு வந்து ரப்பர் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த என்னைக் காவல்காரர் பிடித்துப் போலீசில் ஒப்படைத்துவிட்டார். ஓர் அறை, ஒரு மர ரூல்தடி. எடுக்கவில்லை என்று சொல்லும்போதெல்லாம் விரல் முட்டியில் அடி விழுந்தது. கால்சட்டை நனைந்த பிறகு, அவர்கள் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். நான் பிடிபட்டது நாலு மணிக்கு. அதனால் நாலு மணிக்கு மங்குகளில் இருந்த பாலை வாளியில் ஊற்றித் திருடியதாக எழுதியிருந்தார்கள்.

மறுநாள் மதியம் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். என்னைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப் போவதாகப் போலீஸ்காரர்கள் சொன்னார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் எடுத்தேன் என்று அப்பாவிடமும் அத்தையிடமும் சொன்னேன்.

"எத்தன மணிக்குடா?" என்றாள் அத்தை.

"நாலு மணிக்கு அத்தே."

விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள். என்னை வெறுத்துவிட்டாள் என்று நினைத்து அழுதேன். சாயங்காலம் தலைத்துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். இன்ஸ்பெக்டர் மேசைமேல் துண்டைப் பிரித்து, உள்ளே இருந்த பால் மங்கைக் கவிழ்த்தாள். எதுவும் கொட்டவில்லை. மங்கின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். ரப்பர் கட்டியாக விழுந்தது.

"துவான், இப்பதான் நாலு மணிக்கு மரத்துலேருந்து எடுத்தேன். காலையில வெட்டுன பாலு மத்தியானத்துக்குள்ள ஸ்டோருக்குப் போயிரும். மிச்சம் சொட்டுறது கட்டியாயிரும். இதையா என் மருமவன் வாளியில ஊத்துனான்? எங்க, நீங்க ஊத்திக் காட்டுங்க லா!"

அங்கிருந்த தமிழ்க் கான்ஸ்டபிள் அதைத் தயங்கித் தயங்கி இன்ஸ்பெக்டருக்கு மலாயில் சொன்னார். அத்தை சிரித்தாள், அந்த அறையிலேயே! இன்ஸ்பெக்டர் கட்டியை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு தாளைக் கிழித்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.

வழியெல்லாம் இன்ஸ்பெக்டர் முழித்த முழியை நடித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். தோட்டத்துப் பாலத்தருகில் நின்றாள்.

"எடுக்கலேன்னு சொல்ல வேண்டியதுதானே? ஏன்டா ஒத்துக்கிட்ட?"

"சொன்னேன் அத்தே. ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போலாம்னாங்க."

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, என் வீங்கிய விரல்களைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தை அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அத்தை போய்ப் பல வருடங்களாகின்றன. அந்தத் தாளில் இருந்த பொய் மட்டும் நடந்ததுபோலவே எனக்குள் இருக்கிறது. வெள்ளைப் பால் வாளியில் விழுவது கண்ணில் தெரியும், சத்தம்கூடக் கேட்கும். அப்போதெல்லாம் பேனாக்களை எடுத்து வைத்துவிட்டு மங்கைக் கவிழ்த்துப் பார்ப்பேன். எதுவும் கொட்டுவதில்லை.