ஏழாம் நம்பர் மலையின் ரவுண்டு

அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது தேயிலைப் பூவின் வாசனை வந்தது. தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த பழைய லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏழாம் நம்பர் மலையில் செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து பூத்துக் கிடந்தன. அங்கே கொழுந்து எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

சின்ன வயதில் நான் அங்கே இவ்வளவு பூவைப் பார்த்ததில்லை. கிள்ளிய மலைக்கே எட்டாம் நாள் மறுபடியும் கொழுந்தெடுக்க வருவார்கள். அதற்குப் பெயர் ரவுண்டு. அம்மாவுக்கு நாள்காட்டியே அதுதான். என் தலையில் பேன் பார்ப்பதும், கம்பளியை வெயிலில் போடுவதும் ரவுண்டுக்கு ஒரு தடவை. கொழும்புக்கு வேலைக்குப் போன அப்பா எப்போது வருவார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஏழாம் நம்பர் அடுத்த ரவுண்டுக்குள்ள வந்துருவாங்க" என்றார்.

லயத்துக்குப் பின்னால் நின்று கொழுந்து வளர்வதைப் பார்த்தேன். பெண்கள் கூடையோடு வந்து கிள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா வரவில்லை.

"அடுத்த ரவுண்டு" என்றார் அம்மா.

எத்தனையோ ரவுண்டு போன பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். அழுததாக ஞாபகம் இல்லை.

இப்போது அம்மா வத்தளையில் என்னோடு இருக்கிறார். அங்கிருந்து போனில் கூப்பிட்டார்.

"ஏழாம் நம்பர்ல ரவுண்டு தவறாம போகுதா?"

"போகுதும்மா" என்றேன்.