பத்தடி நகர்த்த முடியாத கார்

போன வாரம் ஜார்ஜ் டவுனில் ஒரு மின்சாரக் காரில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த லாரிக்கு வழிவிட டிரைவர் பத்தடி நகர்த்தி, அணைத்துவிட்டு, மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்தார். சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. எனக்குச் சேவியர் வீட்டு வாசல் ஞாபகம் வந்துவிட்டது.

பைராம் தோட்டத்துப் பள்ளியோடு என் படிப்பு முடிந்தது. அதன்பின் எந்த வேலையிலும் கால் தரித்ததில்லை. முப்பது வயதுக்கு மேல் மாக் மண்டினில் சேவியரின் கார்ப் பட்டறையில் சேர்ந்து, அவன் வீட்டுப் பின்னறையில் தங்கினேன். ஒரு பாய், ஒரு காற்றாடி. போதுமாக இருந்தது.

ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் கார்களை ஹாஃப்-கட் என்போம். அப்படி வந்த ஒன்றில் இருந்த ரோட்டரி எஞ்சினைச் சேவியர் தன் பழைய காரில் பொருத்தினான். மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டனே அதில் கிடையாது. விலா புடைத்த முக்கோணம் ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சின்ன எஞ்சின், மிதிக்க மிதிக்க அலுங்காமல் வேகம் ஏறும். நாளைக்கு எல்லாக் காரிலும் இதுதான் இருக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். என் மற்றக் கணிப்புகளும் இந்த லட்சணம்தான்.

பெட்ரோலை அது தண்ணீராகக் குடித்தது. முக்கோணத்தின் முனைகளில் உள்ள சீல் தேயாமலிருக்க ஆயிலையும் கொஞ்சம் எரித்தது. கொடியில் காயும் துணியெல்லாம் அந்த வாசனைதான். பெரிய வம்பு வேறொன்று. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி உடனே அணைத்தால் ப்ளக் பெட்ரோலில் நனைந்து மறுபடி கிளம்பாது. சூடேறும்வரை ஓட்டியாக வேண்டும். பக்கத்து வீட்டு லாரிக்காகப் பத்தடி நகர்த்துவதென்றாலும் கடற்கரை வரை போய்த் திரும்ப வேண்டும்.

சேவியரின் மனைவி ஃபிலோமினாவுக்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட். காலையில் ஃபாக்டரி பஸ் அவளை இறக்கிவிடும்போது இவன் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். அந்நேரம் லாரி ஹாரன் அடிக்கும்.

"மகாராஜா ஊர்வலம் கெளம்பியாச்சா? பெட்ரோல் என்ன ஒங்கப்பன் வீட்டு கெணத்துலயா ஊறுது?" என்று திட்டிக்கொண்டே அவளும் ஏறிக்கொள்வாள். கேட்டால், ரொட்டி வாங்க என்பாள்.

ஒருமுறை நானும் பின்சீட்டில் போனேன். சூப்பர்வைசர் தொல்லை, மூத்த மகன் கணக்கில் ஃபெயிலானது, இவன் முதுகுவலி, எல்லாம் அங்கேதான் பேசினார்கள். அவர்களுக்கு வேறு நேரம் ஏது? எஞ்சின் சூடேறி வெகுநேரமாகியும் சேவியர் வண்டியைத் திருப்பவில்லை. அதன்பின் நான் ஏறவில்லை.

ஒருநாள் சீல் போய்விட்டது. புதுச் சீல் போட்டுவிடலாம் என்றேன். "வேணாம் லா. அவள ரொம்பப் படுத்திட்டேன்," என்று சொல்லி, அவளுக்குத் தெரியாமல் சாதாரண எஞ்சினைப் போட்டான். பழையது இரும்புக்காரன் லாரியில் போயிற்று.

மறுநாள் காலை ஹாரன் கேட்டது. ஃபிலோமினா முகம் கழுவி, பவுடர் போட்டு, கைப்பையோடு வாசலுக்கு வந்தாள். அதற்குள் காரை நகர்த்தி அணைத்துவிட்டு, சேவியர் சிரித்தபடி நின்றிருந்தான்.

"என்ன, போவலியா?"

"இனிமே தேவையில்ல. வேற எஞ்சின் போட்டாச்சு. எல்லாம் ஒனக்காகத்தான்."

அவள் காரைப் பார்த்தாள். "நல்லதுதான்," என்றாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

பட்டறையில் சேவியர் என்னிடம் கேட்டான்: "அவளுக்குச் சந்தோஷம்தானே?"

நான் ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சில மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டேன். அந்த ஆயில் வாசனையை எங்கும் பிறகு முகர்ந்ததில்லை. இப்போது எந்தக் காரும் பத்தடி நகர்ந்து சமர்த்தாக நின்றுகொள்கிறது. கடற்கரை வரை போய்வா என்று யாரிடமும் அது சொல்வதில்லை.