சும்மாக்காவும் தொண்ணூறு விநாடியும்

கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வார்டுக் கணினியின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அந்த அக்கா. கழுத்தில், விளையாட்டு வாத்தியார்கள் மாட்டிக்கொள்வது போன்ற ஒரு ஸ்டாப்வாட்ச். பக்கத்தில் ஒரு நர்ஸ் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டி என்டரை அழுத்துகிறார். அதே கணத்தில் ஸ்டாப்வாட்சும் 'டிக்' என்கிறது. திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவழியாக நோயாளிகள் பட்டியல் வந்து நிற்க, இன்னொரு 'டிக்'. தாளில் தொண்ணூறு என்று எழுதுகிறார். அடுத்த கணினியிலும் தொண்ணூறு. அதற்கடுத்ததில் தொண்ணூற்றொன்று என்று எழுதிவிட்டு, "அந்த ஒண்ணு என் விரலோடது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

காலை ஏழு மணிக்கு, ஷிப்ட் மாறும்போது வந்து உட்கார்ந்தவர். இப்போது பத்தரை. இன்னும் கீபோர்டில் விரல் படவில்லை. ஒரு ஆளுக்குப் பட்டப்பெயர் வைக்க ஒரு வார்டுக்கு மூன்றரை மணி நேரமெல்லாம் தேவையில்லை, எட்டரைக்கே வைத்துவிட்டார்கள். சும்மாக்கா. சும்மா உட்கார்ந்திருக்கிற அக்கா.

அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களில் பெரிய சிஸ்டரும் ஒருவர். இருபத்தாறு வருட சர்வீஸ். வார்டின் தலைமை நர்ஸ். நடந்துகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே கையெழுத்துப் போடுவார். ஒருத்தர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே அவருக்கு உள்ளங்கால் அரிக்கும்.

"ரிப்பேர் பாக்க வந்தாங்களா, படம் பாக்க வந்தாங்களா?" என்று காதில் விழும்படியே முணுமுணுத்தார்.

"படம்தான் சிஸ்டர்" என்றார் சும்மாக்கா, திரும்பாமல். "கதை புரியாம நடுவுல எந்திரிச்சா எப்படி?"

பெரிய சிஸ்டரின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. போன வாரம் நான்காம் கட்டில்காரருக்கு ஒரே வலி மருந்து இரண்டு முறை போய்விட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு பகல் முழுக்கத் தூங்கி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது முறை போட்டவர் அன்று மாற்றுக்கு வந்திருந்த ஒரு நர்ஸ். திறந்து கிடந்த கணினியில் பாதியில் நின்ற பதிவைப் பார்த்து, மருந்து இன்னும் போகவில்லை என்று நினைத்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்படியானால் அதைத் திறந்து போட்டுவிட்டுப் போனது யார்? திரையில் இருந்த பெயர் ஓட்டக்கார சிஸ்டருடையது.

நடக்கவே தெரியாதவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். பன்னிரண்டு வருடமாக இதே வார்டில் ஓடிக்கொண்டிருப்பவர், அன்றைக்கும் ஒரு நோயாளியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு ஓடியிருந்தார். ஏன் லாக்-அவுட் செய்யவில்லை என்று விசாரணைக் குழு கேட்டது. "யாருமே பண்றதில்லைங்க. மறுபடி உள்ள வர்றதுக்குள்ள ஒரு யுகம் ஆகுது" என்றார். மெஷின்மேல் பழி போடுகிறார் என்று எழுதிக்கொண்டு, வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு முடிவு. வேலை போனாலும் போகும். மெஷின் உண்மையிலேயே மெதுவா என்று பார்த்து எழுதித் தரத்தான் இந்த அக்காவை அனுப்பியிருந்தார்கள்.

சும்மாக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மூக்குக்கண்ணாடி நெற்றியில்தான் இருக்கும். அதைத் தேடி மேசை முழுக்கத் துழாவுவார். கணினி மேசைக்குக் கீழே குனிவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். பிளாஸ்கில் வெந்நீர், அதில் ஒன்றும் கலப்பதில்லை. ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். "சாட்சியைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வர்ற மாதிரி. அப்புறம் நான் என்னத்தைப் பாக்கறது?"

பதினோரு மணிக்கு அவராகவே வாயைத் திறந்தார்.

"சிஸ்டர், உங்க மெஷின் மெதுவா இல்ல."

பெரிய சிஸ்டருக்குச் சுருக்கென்றது. ஓட்டக்காரி கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

"மெதுவா இருக்கற ஆளு ஒரு நாள் சீக்கிரம் வருவான், ஒரு நாள் லேட்டா வருவான். அஞ்சு மெஷின், பதினெட்டு தடவை பாத்தாச்சு. எல்லாத்துலயும் சரியா தொண்ணூறு. இது மெதுவா இல்ல. யாருக்காகவோ நின்னுட்டிருக்கு."

இதைக் கண்டுபிடிக்க அவர் ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை. தொடுவதற்கு முன்னால் கட்டிலோரம் நின்று நோயாளியின் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கும் டாக்டர்கள் சிலரைப் பெரிய சிஸ்டருக்குத் தெரியும். இருபத்தாறு வருடத்தில் அப்படி மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறார். இழுத்துப் போட்டு உட்கார அவருக்கு அப்போதுதான் ஒரு நாற்காலி கண்ணில் பட்டது.

அதன்பிறகுதான் கீபோர்டு. வார்டின் கணினிகள் ஐந்தும் லினக்ஸில் ஓடுபவை. சும்மாக்கா கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டினார். நீளமாக ஒரு பட்டியல் இறங்கியது. ஒருவர் பெயரைத் தட்டி உள்ளே வரும்போது பின்னால் யார் யார் எழுந்து வேலை செய்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை விநாடி என்ற கணக்கு அது. உச்சியில் மருந்து லேபிள் அச்சடிக்கும் சர்வீஸ். அதற்கு நேராகத் தொண்ணூறு.

"ஆப்டுட்டான்" என்றார் பெரிய சிஸ்டர். "அதைத் தூக்கிடுங்க."

"பொறுங்க. இந்த லிஸ்ட், யாரு அதிக நேரம் எடுத்தான்னு மட்டும்தான் சொல்லும். யாருக்காக எடுத்தான்னு சொல்லாது. முதல்ல பேரு இருக்கறவனைத் தூக்கினா, பாதி நேரம் நிரபராதியைத்தான் தூக்குவோம்."

சும்மாக்கா இதைத் திரையைப் பார்த்துத்தான் சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நான்காம் கட்டில் விவகாரத்தில் குழுவுக்கு ஒரே ஒரு பெயரை எழுதி அனுப்பியவர் பெரிய சிஸ்டர்தான். பொய் எழுதவில்லை, திரையில் இருந்த பெயரைத்தான் எழுதினார்.

பிறகு ஒரு மணி நேரம் அந்த அக்காவைப் பார்த்துக்கொண்டிருப்பதே பெரிய சிஸ்டரின் வேலையாகிவிட்டது. இ.சி.ஜி. எடுத்துக் கழித்துப் போட்ட தாள் சுருள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் பின்புறத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தார் சும்மாக்கா. எந்த சர்வீஸ் எந்த விநாடியில் எழுந்தது, எது எதற்காக நின்றது என்று கோட்டுக்கு மேலேயும் கீழேயும் குறித்துக்கொண்டே போனார். கணினியின் பதிவேடுகளை முதல் வரியிலிருந்து உதடசைத்துப் படித்தார், ஒரு வரி தாண்டவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று பெரிய சிஸ்டரும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளூர ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்.

"கெடச்சுது" என்று சும்மாக்கா தாளைத் திருப்பினார். "லேபிள்காரன், 'வார்டு விவரம் இருக்கற ஃபோல்டர் வந்தாத்தான் நான் எழுந்திருப்பேன்'னு நிக்கறான். உங்க ஃபோல்டரைக் கொண்டு வர்றவன், 'லேபிள்காரன் எழுந்தாத்தான் நான் வருவேன்'னு நிக்கறான். எங்க வீட்டுல இப்படித்தான். கிளம்பலாம்னு நான் சொல்லட்டும்னு அவரு வாசல்ல நிப்பாரு. அவரு கூப்பிடட்டும்னு நான் உள்ள நிப்பேன். பஸ் போயிடும்."

"அப்ப தொண்ணூறு?"

"அதுக்கு மேல எவனுக்காகவும் நிக்காதேன்னு மெஷினுக்கு ஒரு பொது விதி. பாத்துப் பாத்து, லேபிள்காரனை அந்தரத்துல விட்டுட்டு உங்களுக்குக் கதவைத் திறந்துடும். ஒருத்தன் நிக்கறது ஒழுங்கா வெளியில எழுதியிருக்கு. இன்னொருத்தனோடதை ஒரு குட்டி நிரலுக்குள்ள ஒளிச்சு எழுதியிருக்காங்க. அதான் ரெண்டும் முட்டிக்குதுன்னு மெஷினுக்கே தெரியல."

எழுதியவர்கள் யார் என்பதும் பழைய கோப்பில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் லேபிளில் வார்டின் பெயர் தப்பாக வருகிறது என்று ஒரு புகார். ஃபோல்டர் வரும்வரை லேபிளை நிற்க வைத்து ஒரு ஆள் சரிசெய்தார். அடுத்த மாதம், உள்ளே வந்ததும் லேபிள் பிரின்டர் தெரிவதில்லை என்று இன்னொரு புகார். வேறொரு ஆள் வந்து ஃபோல்டரை நிற்க வைத்துவிட்டுப் போனார். இரண்டு புகாரின் அடியிலும் நின்றுகொண்டே போட்ட, சாய்ந்த கையெழுத்து. பெரிய சிஸ்டர் அதைப் பார்த்தார். சும்மாக்காவும் பார்த்தார்.

"கேட்டதும் நியாயம், செஞ்சதும் நியாயம்" என்றார் சும்மாக்கா. "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கல, அவ்வளவுதான்."

ஒரு வரியை அழித்தார், ஒரு வரியை மாற்றினார். பிரின்டர் தெரிகிறதா, லேபிளில் பெயர் சரியா என்று இரண்டையும் பார்த்துக்கொண்டார். இத்தனை நாளாக அந்த ஒன்றரை நிமிஷத்துக்கென்று ஒவ்வொருவரிடமும் ஒரு வேலை இருந்தது. ஒருத்தர் தண்ணீர் குடிப்பார், ஒருத்தர் கொண்டையை அவிழ்த்து முடிவார். மதிய ஷிப்ட் நர்ஸ் என்டரைத் தட்டிவிட்டுப் பழக்கத்தில் கொண்டையை அவிழ்த்தார். நாலு விநாடியில் பட்டியல் வந்து நின்றது. அவிழ்ந்த முடியைக் கையில் பிடித்தபடி, "ஐயையோ, வந்துடுச்சே" என்றார். வார்டே சிரித்தது. ஐந்து கணினியிலும் மும்மூன்று முறை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்த பிறகுதான் சும்மாக்காவும் சிரித்தார்.

பிறகு குழுவுக்கான அறிக்கை. மணிமணியான கையெழுத்தில் அரைப் பக்கம். இரண்டு வருடமாக ஒவ்வொரு லாகினுக்கும் தொண்ணூறு விநாடி ஆனது உண்மை, காரணம் இன்னது, இந்தத் தாமதத்தில் நர்ஸுகள்மேல் தவறில்லை. எழுதி முடித்துத் தாளைப் பெரிய சிஸ்டரிடம் நீட்டினார்.

"இது போதுமா? ஓட்டக்காரி தப்பிச்சுடுவாளா?"

"மெஷின் இவ்வளவுதான் சொல்லும் சிஸ்டர். லேட்டு ஆச்சுன்னு சொல்லிடுச்சு. லாக்-அவுட் பண்ண வேண்டாம்னு அவங்களா முடிவு பண்ணாங்களா, யாராவது சொல்லிப் பண்ணாங்களா, அது எந்தப் பதிவுலயும் இல்ல. நாளைக்கு அதைத்தான் கேப்பாங்க."

வார்டில் எல்லாருக்கும் தெரிந்த பதில்தான். 'லாக்-அவுட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், யார் பேர்ல இருந்தா என்ன, வேலையைப் பாருங்கடி' என்று ஷிப்டுக்கு ஷிப்ட் சொன்ன குரல் ஒன்றே ஒன்று. ஓட்டக்கார சிஸ்டர் குழுவின் முன்னால் அந்தக் குரலைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பெரிய சிஸ்டர் தாளையே பார்த்தார். அறிக்கைக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. சும்மாக்கா தன் பேனாவை மூடியில்லாமல் அதன்மேல் வைத்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றார் பெரிய சிஸ்டர். "சொன்னதுக்கப்புறம் வாயை மூடிட்டு இருந்ததும் நான்தான்." நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். "எழுத நேரமாகும் எனக்கு."

"ஆகட்டும் சிஸ்டர்."

பழக்கத்தில் சும்மாக்காவின் கை கழுத்துக்குப் போனது. ஸ்டாப்வாட்சைப் பிடித்தது, ஒரு கணம் நின்றது. பிறகு அதைக் கழற்றி, கயிற்றைச் சுற்றி, பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.