கொடிக்கம்பம் உட்கார்ந்த கதை

திரைச்சீலைக் கடையின் இரண்டாம் மாடியில் வேலை பார்த்தவளுக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். கூட நிற்கிற பெண்கள் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்தது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அந்தக் கடையில் துணி வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி உண்டு. விற்கிற பெண்களுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. கடை திறந்ததிலிருந்து பூட்டுகிறவரை நிற்க வேண்டும். ஆளில்லாத மதியத்தில் எவளாவது சுவரில் சாய்ந்தால் போதும், படிக்கட்டிலிருந்து 'ஹ்க்கும்' என்று ஒரு செருமல் வரும். மேற்பார்வையாளர் திட்டமாட்டார், கத்தமாட்டார். செருமுவார், அவ்வளவுதான். மாடி முழுக்க முதுகுகள் நிமிர்ந்துவிடும். கொடிக்கம்பத்தின் முதுகு எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும். ஒருநாள் அவள் நின்றபடியே தூங்கிப்போய், அந்தத் தூக்கத்திலேயே ஓர் அம்மாளுக்குப் பன்னிரண்டு மீட்டர் வெல்வெட் அளந்து வெட்டிக் கொடுத்தாள் என்றும், அளவில் ஒரு விரற்கடை பிசகவில்லை என்றும் அங்கே சொல்வார்கள். நம்பாதவர்கள் அந்த அம்மாள் வீட்டு ஜன்னலைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அவளை இரும்பு தூக்க இழுத்துவந்தது நாத்தனார். கணவனின் தங்கை, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. மாலையில் ஒரு பழைய கிடங்கில் பெண்களுக்குப் பளுதூக்கக் கற்றுக்கொடுத்தாள். ஜன்னலுக்குத் துணி வாங்கக் கடைக்கு வந்தவள், ஆள் உயரத் துணிச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி மாடியேறுவதைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"இந்த உடம்ப வச்சுக்கிட்டு துணி அளந்துட்டு இருக்கீங்களே அண்ணி, அடுக்குமா?"

"காலையில உங்க அண்ணனத் தூக்கி நிறுத்தறதே எனக்குப் போதும்டீ."

சொன்னாளே தவிர, அந்த வாரமே கிடங்குக்குப் போய் நின்றாள்.

ஸ்நாட்ச் என்பது சொல்வதற்கு ஒரே வரி. தரையில் கிடக்கும் கம்பியை அகலமாகப் பிடித்து, நடுவில் எங்கும் நிறுத்தாமல், ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். செய்வதற்கோ ஏழு கடல், ஏழு மலை. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் ஒளித்துப் பிடிக்கக் கற்றாள். கம்பி முழங்காலைத் தாண்டும்வரை பொறுமை, தாண்டிய பிறகு இடுப்பால் ஓர் உதை என்பதையும் கற்றாள். சின்ன எடையெல்லாம் நின்றவாக்கிலேயே மேலே போனது. எடை ஏறியதும் வந்தது வம்பு. இரும்பு நெஞ்சுவரை வந்து, 'இதுக்கு மேல நான் வரல, நீ கீழ வா' என்று நின்றுவிடும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் அதன் அடியில் போய்க் குந்தி உட்கார்ந்து, கை நீட்டித் தாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் எழ வேண்டும்.

உட்காருவதா? அந்த உடம்புக்கு அது மறந்தே போயிருந்தது. குந்தப் போவாள். பாதி வழியில் யாரோ செருமியதுபோல முதுகு விறைத்து எழுந்துவிடும். கம்பி தடாலென்று விழும்.

"உக்காருங்க அண்ணி!"

"உக்காந்தேனே!"

"எங்க? முட்டி லேசா மடங்குச்சு. அது உக்காருறதில்ல, பெரிய மனுஷங்களப் பாத்து வணக்கம் வைக்கிறது!"

விழுந்து விழுந்து சிரித்த கொடிக்கம்பத்துக்கு நடுவிலேயே கோபம் வந்தது. முட்டி என்னுடையது. சோறு போட்டு வளர்த்தது நான். அது மட்டும் எவரோ செருமினால் கேட்குமா?

அன்றிலிருந்து கடையின் சரக்கறையில், துணி தீர்ந்த அட்டைக்குழலைத் தலைக்கு மேல் பிடித்துக் குந்திப் பழகினாள். ஒருநாள் பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க, மேற்பார்வையாளரே வந்துவிட்டார்.

"ஹ்க்கும். என்ன நடக்குது இங்க?"

கொடிக்கம்பம் விருட்டென்று எழுந்தாள். "பளு தூக்கப் பழகறேன் சார். போட்டி வருது."

"தூக்கறேன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கே?"

"போட்டியிலயும் உக்காருவேன் சார். வந்து பாருங்க."

வாய் முந்திவிட்டது. இனி அந்த மாடி முழுக்க அவள் உட்காருவதற்காகக் காத்திருக்கும். உட்காராவிட்டால் ஆயுசுக்கும் நிற்க வேண்டியதுதான்.

புதியவர்களுக்கான போட்டி ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. மேடைத் திரை கடையின் அன்பளிப்பு. அது நேராகத் தொங்குகிறதா என்று பார்க்க மேற்பார்வையாளர் முன்வரிசையில் வந்து அமர்ந்தார். அவருக்குப் பின்னால் கடைப் பெண்கள்.

ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. முதல் முறை கம்பி அழகாக ஏறியது. அவள் குந்துகிற நேரம் பார்த்துத் திரையின் ஓரம் சுருங்கியிருந்தது அவர் கண்ணில் பட்டது. ஹ்க்கும். அவ்வளவுதான், எழுந்துவிட்டாள். இரும்பு முதுகுக்குப் பின்னால் விழுந்து அரங்கே அதிர்ந்தது. இரண்டாம் முறை அவர் செருமவேயில்லை. ஆனால் செருமுவாரோ என்று காது அங்கேயே கிடந்தது. அதுவும் போயிற்று.

நாத்தனார் தலையில் கைவைத்தாள். "இன்னும் ஒண்ணுதான் அண்ணி. எடையக் குறைக்கவும் விடமாட்டாங்க. அந்த ஆளப் பின்னாடி போய் உக்காரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். அவரு செருமணும். செருமாதப்ப உக்காந்தா அது என்ன பெரிய வீரம்?"

சொன்னதோடு நில்லாமல், பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசிய சுண்ணப்பொடியோடு முன்வரிசைக்கே போய்விட்டாள்.

"சார், நான் உக்காந்ததும் நல்லா ஒரு தடவ செருமுங்க."

"நானா? எனக்கு அந்தப் பழக்கமே இல்லையேம்மா," என்றார் அவர். சொல்லி முடித்த கையோடு செருமினார். பின்வரிசை வாயைப் பொத்திக்கொண்டது.

மூன்றாம் முறை. கட்டைவிரலை ஒளித்தாள். இரும்பு முழங்காலைத் தாண்டியது, இடுப்பு உதைத்தது, நெஞ்சுவரை வந்து நின்றது. அவள் அடியில் போனாள். பொத்தென்று, அடிமட்டம்வரை உட்கார்ந்தாள். கைகள் மேலே பூட்டிக்கொண்டன.

ஹ்க்கும்.

முதுகு துடித்தது. ஒரு நூலளவு எழுந்தது. எழுந்ததை அவள் திரும்பக் கீழே இறக்கினாள். தலைக்கு மேல் அத்தனை இரும்பை வைத்துக்கொண்டு, அவரை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிங்க அண்ணி! போதும், எந்திரிங்க!" நாத்தனாருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இருடீ, உக்காந்து எவ்வளவு நாளாச்சு!" என்று கம்பிக்கு அடியிலிருந்து பதில் வந்ததாகக் கடைப் பெண்கள் சத்தியம் செய்கிறார்கள். பளுதூக்குகிறவர்கள் அந்த நிலையில் வாயே திறக்க முடியாது என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது என்பது அவரவர் இஷ்டம். தன் விருப்பப்படி, தனக்குத் தோன்றியபோது அவள் எழுந்தாள். தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் வெள்ளை விளக்குகள் எரிந்தன. பரிசு எதுவும் இல்லை. கடைசிக்கு முந்தின இடம்.

மறுநாள் மதியம் மாடியில் ஆளில்லை. கொடிக்கம்பம் ஒரு தடித்த துணிச்சுருளை உருட்டிக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. திரை ஓரத்தில் தைக்கும் ஜாலர் விற்கிறவள் படிக்கட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு நுனியில் ஒட்டினாள்.

படிக்கட்டிலிருந்து செருமல் வந்தது. ஜாலர்க்காரி எழப் போக, கொடிக்கம்பம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலை உள்ளே வைத்து, இரும்பைப் பிடிக்கிற பிடி. மேற்பார்வையாளர் எதிரே வந்து நின்று இன்னொரு முறை, இன்னும் பலமாகச் செருமினார்.

"தண்ணி வேணுமா சார்?" என்று அவள் கேட்டாள், உட்கார்ந்தபடியே.